ஆறுமணிக்குருவி: ஒரு பெயரின் பொருளும் பிறப்பும்

(நூற்றாண்டையொட்டி மருதமுனையில் நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)

 

நூற்றாண்டு விழா என்றால் பாடசாலையின் வரலாற்றைப் பேசுவார்கள், அதிபர்களின் சேவையைப் பேசுவார்கள், பெறுபேறுகளைப் பேசுவார்கள். அவற்றையெல்லாம் பேசத் தகுந்தவர்கள் இந்த மேடையில் இருக்கிறார்கள். மலர்க் குழுவைச் சேர்ந்த எங்களுக்கு ஒதுக்கப்பட்ட விடயம் ‘நமது ஊர்ச் சொற்கள்’ என்பது. ஊர்ச் சொற்கள் முழுவதையும் இருபது நிமிடத்தில் பேச முடியாது. ஆகவே ஒரேயொரு சொல்லை எடுத்துக்கொண்டோம். அது ஒரு பறவையின் பெயர்: ஆறுமணிக்குருவி.

இந்தப் பெயரை மூத்தவர்கள் பலர் கேட்டிருப்பீர்கள். இளையவர்களில் சிலர் இன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறீர்கள். அந்த இடைவெளிதான் இந்த உரைக்குக் காரணம்.

முதலில் பறவையைப் பார்ப்போம். மைனாவை விடச் சற்றுச் சிறியது, கட்டைப்பட்ட உடல், நீண்ட கால்கள், இல்லையென்றே சொல்லத்தக்க குட்டை வால். நீளம் 19 சென்ரிமீற்றர் அளவு. நிறை ஐம்பது அறுபது கிராம். ஆனால் நிறத்தைக் கேட்டால், நெசவுக்குப் பேர்போன நமது ஊரே சற்று நின்று பார்க்க வேண்டும். முதுகு பச்சை. சிறகில் மினுங்கும் நீலம். தொண்டை வெள்ளை. மார்பும் வயிறும் மஞ்சள் கலந்த பழுப்பு. அடிவயிறு சிவப்பு. தலையின் நடுவே ஒரு கறுப்புக் கோடு, கண்ணை ஊடறுத்து இன்னொரு தடித்த கறுப்புப் பட்டை. இத்தனை நிறத்தையும் ஒரே சாரியில் கேட்டால் எந்தத் தறிக்காரரும் இரண்டு தரம் யோசிப்பார்.

இவ்வளவு நிறமிருந்தும் அது இலகுவில் கண்ணில் படாது. நிழல் விழுந்த வளவில், பற்றைக்குக் கீழே, நிலத்தில் காய்ந்த இலைகளைப் புரட்டிப் பூச்சியையும் புழுவையும் தேடிக்கொண்டிருக்கும். சத்தம் கேட்டால் இரண்டு தத்துத் தத்தி மறைந்துவிடும். ஆகவே கண்டவர்களை விடக் கேட்டவர்களே அதிகம். அதிகாலையிலும் பொழுது சாயும் வேளையிலும், தலையைப் பின்னே சாய்த்து, இரண்டு சுரத்தில் தெளிவாக ஒரு சீழ்க்கை அடிக்கும். ஒன்று அடித்தால் அடுத்த வளவிலிருந்து மற்றொன்று பதில் சொல்லும்.

இது நமது நாட்டில் குஞ்சு பொரிக்கும் பறவையன்று. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் கூடு கட்டும். அங்கே குளிர்காலம் நெருங்கும்போது தெற்கே புறப்பட்டுத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும். இமயமலை அடிவாரத்திலிருந்து நமது கரைக்கு ஏறத்தாழ 2,500 கிலோமீற்றர். இரவில் பறந்து வரும் இந்தச் சிறு உயிர், களைத்துப்போய் வீட்டு வளவுகளில் விழுந்து கிடப்பதும், வெளிச்சத்தைக் கண்டு வீட்டுக்குள்ளேயே வந்துவிடுவதும் உண்டு. ஒக்டோபரில் வந்து ஏப்ரல் அளவில் திரும்பிவிடும். நமது வட்டைகளின் கணக்கில் சொன்னால், பெரும்போக விதைப்போடு வந்து, அறுவடை முடிந்து சூடு அடித்த பிறகு போகிறது.

இனிப் பெயருக்கு வருவோம். நம் முன்னோர் பறவைகளுக்குப் பெயர் வைத்த வழிகள் சில உண்டு. குரலைக் கேட்டு வைத்தது ஒரு வழி. காகம், குயில் இரண்டும் தம் பெயரைத் தாமே கூவுகின்றன. (நமது ஊரில் ‘காக்கா’ என்றால் மூத்த சகோதரர். அதனால் பறவையைக் காகம் என்றே மரியாதையாகச் சொல்லிப் பழகிவிட்டோம்.) சுலைமான் நபி அலைஹிஸ்ஸலாம் அவர்களின் சரித்திரத்தில் வரும் ஹுத்ஹுத் பறவையை எல்லோரும் அறிவோம். அந்த அரபுப் பெயரும் குரலின் எதிரொலிதான். இலத்தீனில் அதே பறவைக்கு ‘உபுபா’ என்று பெயர். ஒருவரையொருவர் கேட்காமல் இரண்டு மொழிகள் ஒரே குரலைக் கேட்டு ஒரே மாதிரிப் பெயர் வைத்திருக்கின்றன. தமிழர் அதன் குரலை விட்டுவிட்டுத் தலையிலுள்ள கொண்டையைப் பார்த்தார்கள். கொண்டலாத்தி என்றார்கள்.

செயலைப் பார்த்து வைத்தது இன்னொரு வழி. மீன்கொத்தி, மரங்கொத்தி. ஆள் வருவதைக் கத்திக் காட்டிக்கொடுப்பதால் ஆள்காட்டி. கூட்டைப் பார்த்து வைத்தது தூக்கணாங்குருவி. நேரத்தைக் கொண்டு வைத்த பெயர்கள் மிகச் சில. சாமத்தில் கூவுவது சாமக்கோழி. ஆறு மணிக்குக் கூவுவது ஆறுமணிக்குருவி.

இங்கே ஒரு கேள்வி எழலாம். ‘ஆறு மணி’ என்பது நேரத்தைத்தான் குறிக்கிறது என்று எப்படி உறுதியாகச் சொல்வது? தமிழில் ‘மணி’ என்பதற்கு இரத்தினம் என்றும் பொருள் உண்டு. இத்தனை நிறமுள்ள பறவைக்கு ‘ஆறு மணிகள் பதித்த குருவி’ என்று யாரோ ஒரு புலவர் உள்ளம் படைத்தவர் பெயர் வைத்திருக்கக் கூடாதா? கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பெயரின் பிறப்பைச் சொல்லும்போது அழகு மட்டும் போதாது. மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று, பொருள் அந்தப் பொருளோடு பொருந்துகிறதா? இரண்டு, அந்தச் சொல் அந்தக் காலத்தில் இருந்ததா? மூன்று, அயலில் உள்ள பெயர்கள் என்ன சாட்சி சொல்கின்றன?

இந்த மூன்றையும் முதலில் நமது ஊரின் பெயரிலேயே பரீட்சித்துப் பார்க்கலாம். மருதமுனை என்பதில் ‘முனை’ தெளிவு. கல்முனை, நற்பிட்டிமுனை என்று அயலெல்லாம் முனைகள். ‘மருதம்’ என்பதற்கு இரண்டு பொருள் சொல்லலாம். ஒன்று, வயலும் வயல் சார்ந்த இடமும். மற்றது, நீர்க்கரையில் வளரும் மருத மரம். நமக்கு மேற்கே வயல் இருப்பதால் முதற்பொருளும் பொருந்தும் போலத்தான் தெரிகிறது. ஆனால் தெற்கே சாய்ந்தமருது இருக்கிறது. வயல் நிலம் சாய்ந்து நிற்காது, மரந்தான் சாய்ந்து நிற்கும். அயலூரின் பெயர் மரத்தின் பக்கம் சாட்சி சொல்வதால், நமது ஊர்ப் பெயரிலும் மரமே நிற்கிறது என்று கொள்வது பொருத்தமாகத் தோன்றுகிறது.

இதே முறையில் குருவியைப் பார்ப்போம். பொருந்துகிறதா? பறவையை எண்ணிப் பார்த்தால் நிறங்கள் ஆறோடு நிற்கவில்லை. ஆனால் நேரத்தைப் பார்த்தால், காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டியே அதன் குரல் கேட்கிறது. அயல் சாட்சி என்ன? சாமக்கோழி என்ற பெயர் அதே முறையில் அமைந்திருக்கிறது. நேர அளவு முன்னே, பறவை பின்னே. காலம் என்ன சொல்கிறது? முற்காலத்தில் நாளை அறுபது நாழிகையாகவும் சாமங்களாகவும் பிரித்தார்கள். அந்தக் காலத்துப் பெயர் சாமக்கோழி. நாளை இருபத்துநான்காகப் பிரித்து, மணியடித்து அறிவிக்கும் வழக்கம் வந்த பின் ‘மணி’ என்ற சொல் நேர அளவாயிற்று. நாம் மணிக்கூடு என்றும் மணித்தியாலம் என்றும் சொல்வதில் அந்தப் பழைய வெண்கல மணி இன்னும் ஒலிக்கிறது. ஆகவே ஆறுமணிக்குருவி என்ற பெயர் மணிக்கூட்டுக் காலத்துக்குப் பின் பிறந்தது. பறவைக்கு நேரத்தால் பெயரிடும் பழக்கம் பழையது, நேரத்தை அளக்கும் கோல் மட்டும் மாறியது.

இது ஒரு சிறு விடயமாகத் தோன்றலாம். ஆனால் இந்தப் பெயருக்குள் ஒரு புவியியல் பாடமே இருக்கிறது.

பறவைக்கு மணிக்கூடு தெரியாது. அதற்குத் தெரிந்தது வெளிச்சம். விடியும்போதும் இருளும்போதும் கூவுகிறது. அது ‘ஆறு மணி’ ஆவது, சூரியன் ஆறு மணியை ஒட்டியே எழுந்து ஆறு மணியை ஒட்டியே விழும் நாட்டில் மட்டும். நமது ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏழு பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறத்தாழச் சமம். பறவை இங்கே தங்கும் ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரையான மாதங்களைப் பாருங்கள். நவம்பரில் சூரியன் ஆறுக்குச் சற்று முன்னே உதிக்கும், பெப்ரவரியில் ஆறேகாலைத் தாண்டி உதிக்கும். அஸ்தமனமும் அப்படியே. ஆறு மணியிலிருந்து அரை மணித்தியாலத்துக்கு அப்பால் எந்தப் பக்கமும் போவதில்லை. மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரத்தை நினைத்துப் பார்த்தால் மணிக்கூடு பார்க்காமலே இது விளங்கும்.

அதே பறவை கூடு கட்டும் இமயமலை அடிவாரத்துக்கு ஜூன் மாதத்தில் போவோம். டேராடூன் நகரில் அப்போது சூரியன் ஐந்தேகாலளவில் உதித்து, ஏழேகாலைத் தாண்டியே மறையும். அங்கே இந்தப் பறவை வெளிச்சத்தைப் பார்த்துக் கூவினால் யாரும் அதை ஆறுமணிக்குருவி என்று சொல்லமாட்டார்கள். பிறந்த வீட்டில் பொருந்தாத பெயர், வந்து தங்கும் வீட்டில் பொருந்துகிறது. இந்தப் பெயரை வைத்தவர்கள் வெப்ப வலயத்தில் வாழ்ந்தவர்கள் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேர்னிலும் டோஹாவிலும் இருந்து இந்த மலரை வாசிக்கும் சகோதரிகளே, உங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரைச் சொன்னால், “ஏன் உம்மா ஆறு மணி?” என்று கேட்பார்கள். இலண்டனில் டிசம்பரில் பிற்பகல் நான்கு மணிக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடும், ஜூனில் இரவு ஒன்பது மணியையும் தாண்டும். அங்கே ஆறு மணி என்பது ஒரு எண் மாத்திரம். நமக்கு அது விடிவும் அந்தியும். பிள்ளைக்கு விடை சொல்லும்போது உலகப் படத்தில் இலங்கை எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவீர்கள்.

இன்னொரு சம்பவம் நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். 1996 ஆம் ஆண்டு. மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றி நாடெங்கும் மின்வெட்டு. வெளிச்சத்தை மிச்சப்படுத்த, மே மாதத்தில் அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தியது. ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தது. மீதி அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரை நீடித்தது. ஏறத்தாழப் பத்து வருடம் இந்த நாடு சூரியனுக்கு அரை மணித்தியாலம் முந்தி ஓடியது. கல்யாண வீட்டு அழைப்பிலும் பஸ் நிலையத்திலும் “பழைய நேரமா, புது நேரமா?” என்று கேட்ட காலம் அது.

மே மாதத்தில் நேரம் மாறியபோது நமது குருவி இங்கே இல்லை, வடக்கே குஞ்சு பொரிக்கப் போயிருந்தது. ஒக்டோபரில் திரும்பி வந்தபோது இங்கே புது நேரம் காத்திருந்தது. அது ஒன்றும் கேட்கவில்லை. வழக்கம்போல் வெளிச்சத்தைப் பார்த்துக் கூவியது. மணிக்கூடு ஆறரை காட்டியது. அந்தப் பத்து வருடமும் அதை யாரும் ‘ஆறரை மணிக்குருவி’ என்று சொல்லவில்லை. பெயர் மாறவில்லை, ஏனென்றால் பெயர் வைத்தவர்கள் அளந்தது முள்ளை அன்று, பொழுதை. கடைசியில் 2006 இல் மணிக்கூடுதான் குருவியிடம் திரும்பி வந்தது.

ஒரு பறவைக்கு நாம் வைத்த பெயரை மட்டும் பார்த்தால் கதை பாதிதான். அதே பறவையை மற்றவர்கள் எப்படி அழைத்தார்கள் என்று கேட்டால்தான் நாம் எதைக் கவனித்தோம் என்பது விளங்கும்.

சிங்களத்தில் இதற்கு அவிச்சியா என்று பெயர். குரலைக் கேட்டு வைத்த பெயர். அதற்கு ஒரு நாட்டார் கதையும் உண்டு. முன்னொரு காலத்தில் இந்தப் பறவையின் அழகான ஆடையை மயில் திருடிக்கொண்டு போய்விட்டதாம். அன்றிலிருந்து விடியலிலும் அந்தியிலும், மறுபடியும் முறையிடுவேன், மறுபடியும் முறையிடுவேன் என்று இது அழுகிறதாம். ஒரே சீழ்க்கையில் நாம் மணிக்கூட்டைக் கேட்டோம், நமது சிங்களச் சகோதரிகள் களவு கொடுத்தவளின் முறைப்பாட்டைக் கேட்டார்கள். இரண்டு சமூகங்களின் வளவிலும் கூவியது ஒரே பறவைதான்.

வட இந்தியாவில் இதன் பெயர் நவரங். ஒன்பது நிறம் என்று பொருள். அங்கே நிறத்தை எண்ணினார்கள். தமிழிலேயே தோட்டக்கள்ளன் என்று இன்னொரு பெயரும் வழங்குகிறது. தோட்டத்துக்குள் ஒளிந்து ஒளிந்து திரிவதைக் கண்டு வைத்த பெயராக இருக்க வேண்டும். பாவம், அது கொண்டுபோவது புழுவும் பூச்சியும்தான். தோட்டத்துக்கு உதவி செய்கிறவனுக்குக் கள்ளன் என்று பட்டம். மனிதரிலும் இப்படி நடப்பதுண்டு.

விஞ்ஞானப் பெயரின் கதை இன்னும் சுவையானது. உயிரினங்களுக்கு இரட்டைப் பெயரிடும் முறையை நிலைநாட்டிய சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1766 இல் இந்தப் பறவைக்கு ‘கோர்வஸ் பிரகியூரஸ்’ என்று பெயரிட்டார். ‘கட்டைவால் காகம்’ என்று பொருள். அவர் இந்தப் பக்கம் வந்தவரல்லர். மற்றவர்கள் வரைந்ததையும் எழுதியதையும் வைத்தே வேலை செய்தார். வாலைப் பார்த்தது சரி, ஆனால் சொந்தக்காரர்களாகக் காகங்களைச் சேர்த்துவிட்டார். ஒரு தடவையாவது அந்தச் சீழ்க்கையைக் கேட்டிருந்தால் காகத்தின் பக்கம் போயிருப்பாரோ தெரியாது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 1816 இல், பிரெஞ்சு அறிஞர் வியேயோ இதற்கென்று தனிப் பேரினம் ஒன்றை வகுத்தார். அதற்கு அவர் இலத்தீனிலோ கிரேக்கத்திலோ பெயர் தேடவில்லை. ‘பிட்டா’ என்று பெயர் வைத்தார். அது தெலுங்குச் சொல். தெலுங்கில் ‘பிட்ட’ என்றால் சிறு பறவை, நமது ‘குருவி’ என்பதைப் போல. தெலங்கானா மாநிலத்தின் பறவைக்குப் ‘பாலபிட்ட’ என்று பெயர், அதிலும் அதே சொல் இருக்கிறது.

இன்று உலகில் இந்தக் குடும்பத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. ஆபிரிக்காவில் இருக்கின்றன, போர்னியோக் காடுகளில் இருக்கின்றன, அவுஸ்திரேலியாவில் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பொதுப் பெயர் பிட்டா. தெலுங்கு தெரியாத, தெலுங்கு நாட்டைக் கேள்விப்பட்டே இராத ஒருவர் அவுஸ்திரேலியக் காட்டில் நின்று ஒரு பறவையைக் காட்டிப் ‘பிட்டா’ என்று சொல்லும்போது, தெலுங்குக் கிராமத்துச் சொல் ஒன்றைத்தான் சொல்கிறார். அந்தச் சொல்லைப் புத்தகத்தில் ஏற்றிய அறிஞருக்குப் பெயர் இருக்கிறது. அந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுத்தவருக்குப் பெயர் இல்லை. வயலில் நின்ற ஒரு விவசாயியோ, தண்ணீர் எடுக்கப் போன ஒரு பெண்ணோ, யாரோ ஒருவர் வாயிலிருந்துதான் அது புறப்பட்டது.

ஆக, ஒரு பறவைக்கு இத்தனை பெயர். நம்மையே பாருங்கள். பாடசாலை இடாப்பில் ஒரு பெயர், வீட்டில் செல்லப் பெயர், பிள்ளை பிறந்த பின் இன்னாருடைய உம்மா, தொழிலுக்குப் போன இடத்தில் டீச்சர், மிஸ், டொக்டர். எல்லாம் ஒருத்திதான். ஒவ்வொரு பெயரும் அழைத்தவர் நம்மை எங்கே நின்று பார்த்தார் என்பதைச் சொல்கிறது. பறவையின் பெயர்களும் அப்படித்தான். சுவீடனில் இருந்தவர் வாலைப் பார்த்தார். வடநாட்டார் நிறத்தைப் பார்த்தார்கள். சிங்களவர் குரலில் கதை கேட்டார்கள். நம்மவர்கள் அது கூவும் வேளையைக் குறித்துக்கொண்டார்கள்.

இந்த வேளையைக் குறித்துக்கொண்டவர்கள் யார் என்று யோசித்துப் பார்த்தோம். பறவை கூவுவது ஊர் அடங்கிக் கிடக்கும் நேரத்தில், வீட்டு வளவுக்குள்ளே. சுபஹுத் தொழுதுவிட்டு அடுப்பு மூட்ட வரும் நேரம், மாலையில் கோழியை அடைத்து விளக்கேற்றும் நேரம். அந்த இரண்டு வேளையிலும் கிணற்றடியிலும் அடுப்படியிலும் நின்றவர்கள் நமது உம்மாமாரும் மூத்தம்மாமாரும். புத்தகம் வாசிக்க வாய்க்காத தலைமுறைகள் அவை. பெண் பிள்ளைக்குப் படிப்பெதற்கு என்று கேட்ட காலங்களைத் தாண்டித்தான் இந்தப் பாடசாலையின் முதல் மாணவிகள் உள்ளே வந்தார்கள். அவர்களுக்கு முன்னிருந்த பெண்கள் எழுத்தறியாதவர்கள் என்று நாம் எழுதுகிறோம். ஆனால் ஒரு பறவை எந்த மாதம் வரும், எந்த வெளிச்சத்தில் கூவும், எப்போது போகும் என்று பிழையில்லாமல் கவனித்தவர்கள் அவர்கள். அந்தக் கவனிப்பு முழுவதையும் ஒரே சொல்லில் கட்டி நமது கையில் தந்திருக்கிறார்கள்.

அந்தச் சொல்தான் இப்போது கைநழுவுகிறது. நமது பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் பெங்குவினையும் தீக்கோழியையும் படிக்கிறார்கள். அதில் குறையில்லை. ஆனால் வளவில் கூவும் பறவைக்குப் பெயர் கேட்டால் “ஏதோ ஒரு குருவி” என்கிறார்கள். தமிழ்நாட்டுப் புத்தகங்களைப் பார்த்தால் அங்கே பெயர்கள் வேறு. நாம் புலுனி என்பதை அங்கே தவிட்டுக்குருவி என்கிறார்கள். நாம் செண்பகம் என்றால் பறவை, அங்கே பலருக்கு அது பூ, பறவையைச் செம்போத்து என்பார்கள். அவர்களுடைய பெயர்கள் அவர்களுக்குச் சரி. நம்முடைய பெயர்கள் பிழை என்று நாமே நினைத்துக் கைவிடுவதுதான் நட்டம்.

வெள்ளைக்காரர் காலத்தில் இலங்கைப் பறவைகளைப் பற்றி விரிவாக எழுதிய கப்டன் லெக் என்பவர், 1880 இல் நிறைவெய்திய தமது பெரிய நூலில் சிங்கள, தமிழ்ப் பெயர்களையும் சேர்த்துக் குறித்து வைத்தார். படையில் வேலை பார்க்க வந்த அந்நியர் ஒருவருக்கு நமது கிராமத்துப் பெயர்கள் மதிப்புள்ளவையாகத் தெரிந்திருக்கின்றன. ஆனால் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழில் லகரமும் ளகரமும் ழகரமும் ஒன்றாகிவிடும். நமது வாயில் இருப்பதை நமது எழுத்தில் நாமே எழுதி வைத்தால்தான் அது முழுமையாக நிற்கும்.

இதைத் தள்ளிப்போட முடியாது என்பதற்கு நமது ஊருக்கு வேறு சாட்சி தேவையில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் வந்தபோது நாம் இழந்த உயிர்களுக்கு இன்னும் துஆச் செய்கிறோம். வீடுகளைத் திரும்பக் கட்டினோம், பாடசாலைகளைத் திரும்பக் கட்டினோம். ஆனால் கரையோரத்தில் வாழ்ந்த மூத்தவர்களோடு போன சொற்களை, மீனின் பெயர்களை, கரைச் செடிகளின் பெயர்களை, காற்றின் பெயர்களை, எந்த நிவாரணமும் திருப்பித் தரவில்லை. கேட்டு எழுதி வைத்திருந்தால் அவை இருந்திருக்கும். இருப்பவர்களிடம் இனியாவது கேட்போம்.

ஆகவே சங்கத்தின் அடுத்த நூறு வருடத்துக்குச் சிறிய வேலையொன்றை உங்கள் முன் வைக்கிறோம். பெரிய பணம் தேவையில்லை. ஒரு தடித்த கொப்பி போதும். அதைப் பாடசாலை நூலகத்தில் வைப்போம். பழைய மாணவி ஒவ்வொருவரும் தான் அறிந்த மூன்று பெயர்களை எழுதித் தரட்டும். பறவை, மீன், செடி, எதுவானாலும் சரி. ஒவ்வொரு பெயருக்கும் நான்கு விபரம் வேண்டும். வீட்டில் எப்படிச் சொன்னார்களோ அப்படியே பெயர். யார் வாயால், எந்த ஊரில் கேட்டது. அது எப்படியிருக்கும், எப்படிச் சத்தமிடும், எந்தக் காலத்தில் வரும். அந்தப் பெயர் ஏன் வந்தது என்று மூத்தவர்கள் சொன்ன காரணம். காரணம் விநோதமாக இருந்தாலும் அப்படியே எழுதுங்கள். அது சரியா என்று பார்க்க அந்த மூன்று கேள்விகள் இருக்கின்றன, அதை இப்போது படிக்கும் பிள்ளைகள் செய்யட்டும். விஞ்ஞான ஆசிரியைக்கும் தமிழ் ஆசிரியைக்கும் ஒன்றாகச் செய்யக் கிடைத்த ஒரு வேலையாகவும் அது இருக்கும்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் தொலைபேசியில் உம்மாவோடு பேசும்போது சுகம் விசாரித்த பிறகு ஒரு பெயரைக் கேளுங்கள். “உம்மா, மாரி காலத்தில் வளவில கத்துற அந்தக் குருவிக்கு என்ன பேர் சொல்லுவீங்க?” என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதி அனுப்புங்கள். ஒரு பெயர் கேட்டால் அதோடு ஒரு கதையும் வரும், பேச்சும் நீளும்.

ஆதம் அலைஹிஸ்ஸலாம் அவர்களுக்கு இறைவன் பெயர்களைக் கற்றுக் கொடுத்தான் என்று நாம் சிறு வயதில் ஓதும் பள்ளியிலேயே கேட்டிருக்கிறோம். பெயர் அறிவது அறிவின் ஆரம்பம். நமக்குக் கற்றுத் தரப்பட்ட பெயர்கள் நம்மோடு முடிந்து போகக் கூடாது.

இந்த வருடமும் ஒக்டோபர் வரும். மாரி மழை தொடங்கும். வட்டையில் விதைப்பு நடக்கும். உங்கள் வளவில் ஒரு பலா மரமோ ஒரு பற்றையோ மிச்சம் இருந்தால், அதன் கீழே விழும் காய்ந்த இலைகளை முழுவதும் கூட்டி எரித்துவிடாதீர்கள். அந்த இலைக்குள்தான் அதன் சாப்பாடு இருக்கிறது. விருந்தாளி இவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது.